கப்பல் கொண்டுவந்த வீடு, லாரி கொண்டுபோகும் கல்

ஆத்தங்குடிக்குக் கடல் கிடையாது. சுற்றிலும் செம்மண் பூமி. ஊருணியும் கண்மாயும்தான் தண்ணீருக்குத் துணை. மழை பெய்தால் பயிர், பொய்த்தால் புழுதி.

ஆனால், ஊருக்குள் போய் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்று பாருங்கள்! தூண், பர்மாத் தேக்கு. சலவைக்கல், இத்தாலி. நிலைக்கண்ணாடி, பெல்ஜியம். வார்ப்பிரும்பு, இங்கிலாந்து. சுவரில் பதித்த பூ ஓடு, ஜப்பான்.

கப்பலே வராத ஊரில் இத்தனை கப்பல் சரக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், சாலையும் பாலமும் துறைமுகமும் ஒரு கிராமத்தை என்ன செய்யும் என்பது விளங்கிவிடும். அவை ஊரை உயர்த்தும். அடைபட்டால் ஊரைச் சாய்க்கும். மறுபடி எழுப்பவும் செய்யும். மூன்றையும் பார்த்த ஊர் ஆத்தங்குடி.

கொண்டுவிக்கப் போனவர்கள்

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வாழ்ந்து வந்த ஊர்.

வானம் பார்த்த பூமியை நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. வியாபாரத்துக்காகக் கடல் கடந்து போனார்கள். இலங்கைக்குப் போனார்கள். பர்மாவுக்குப் போனார்கள். மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று எங்கும் போனார்கள்.

இப்படிப் போவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் ‘கொண்டுவிக்கப் போவது’. ஒன்றைக் கொண்டுபோய் விற்பது என்று பொருள். பிற்காலத்தில் வட்டித்தொழிலே பெரிதாகிவிட்டது. ஆனாலும் பழைய சொல் மாறவில்லை.

சிறு வயதிலேயே பையன் கப்பல் ஏறிவிடுவான். கடையில் எடுபிடியாகச் சேருவான். கணக்குப் படிப்பான். பிறகு அடுத்தாள் ஆவான். அதன்பின் மேலாள் ஆவான். மூன்று ஆண்டு கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவது. அதுவரை ஊரில் தாயும் மனைவியும் கடிதத்துக்குக் காத்திருப்பார்கள்.

போன இடத்தில் தங்க ஒரு கூடம் உண்டு. அதன் பெயர் கிட்டங்கி. நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் அருகருகே உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கணக்குப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிதான் அவருடைய கடை. வாடகையைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். செலவு குறையும், துணையும் கிடைக்கும்.

மலாயா போகிறவர்களுக்கு நாகப்பட்டினம் ஒரு முக்கியமான துறை. சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும். 1926ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பலைப் பழைய குடும்பங்கள் மறக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் தமிழர்கள் அதில் ஏறிப் போனார்கள். 1973 வரை அது ஓடியது.

மாட்டு வண்டியில் வந்த மாளிகை

சம்பாதித்த பணம் ஊருக்கு வந்தது. பணத்தோடு தேக்கும் வந்தது. கண்ணாடியும் கல்லும் வந்தன.

துறைமுகத்தில் இறங்கிய சரக்கு எப்படி உள்நாட்டுக்கு வந்தது? பாதி வழி ரயில். மீதி வழி மாட்டு வண்டி!

மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் போகும் ரயில் பாதை 1902ல் வந்துவிட்டது. ஆனால் செட்டிநாட்டுக்குள் ரயில் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929ல் பாதை திறந்தார்கள். அது காரைக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது 1930ல்.

பெரிய வீடுகளில் பல அதற்கு முன்பே கட்டப்பட்டவை. அப்படியானால் அந்த வீடுகளின் தேக்குத் தூண்கள் கடைசி வழியை வண்டிப் பாதையில்தான் கடந்திருக்க வேண்டும். மாடு இழுத்த மாளிகைகள் என்றே அவற்றைச் சொல்லலாம்.

பஸ்ஸும் மெள்ள வந்தது. 1910களின் தொடக்கத்தில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் பஸ் விட்டார். 1972ல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1983ல் காரைக்குடிக்கென்றே மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997ல் அரசுக் கழகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

ஆரம்பத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவார்கள். 1914ல் அந்த வழி மாறியது.

அந்த ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடல்மேல் 2 கிலோமீட்டர் தூரம் ரயில் ஓடியது. நடுவே கப்பல் போவதற்காகப் பாலம் இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கும். அந்த நாளில் அது பெரிய அதிசயம்!

சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்குவார். அங்கே நீராவிப் படகு காத்திருக்கும். அது அவரைத் தலைமன்னாரில் சேர்க்கும். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதனால்தான் அந்த ரயிலுக்குப் ‘போட் மெயில்’ என்று பெயர் வந்தது.

படகு போய்விட்டது, பெயர் போகவில்லை. சென்னையிலிருந்து காரைக்குடி வழியாக ராமேசுவரம் போகும் ரயிலை மக்கள் இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள்.

வழிகள் அடைபட்டன

செல்வம் வந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

முதல் அடி பர்மாவில் விழுந்தது. 1930களில் உலகெங்கும் விலைவாசி சரிந்தது. நெல் விலை விழுந்தது. பர்மிய உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. நிலத்தை இழந்த உழவருக்கு அது கசப்பு. நிலத்தைப் பெற்றவருக்கும் அது இனிப்பல்ல; பணம் மண்ணாக மாறி அங்கேயே மாட்டிக்கொண்டது.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்கள்? நடந்தார்கள்! லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி அஸ்ஸாமை நோக்கி நடந்தார்கள். பசியிலும் நோயிலும் ஆயிரம் ஆயிரமாக வழியிலேயே மாண்டார்கள். துறைமுகம் மூடினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் கால்களால் அறிந்தார்கள்.

1948ல் பர்மா சுதந்திரம் பெற்றது. நிலம் நாட்டுடைமை ஆக்கப்பட்டது. 1962ல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் போயின. 1964ல் தொடங்கி லட்சக்கணக்கான இந்தியர்கள் தாயகம் திரும்பினார்கள்.

அதே 1964ல் இன்னொரு இடி. டிசம்பர் 22ம் தேதி இரவு புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணி ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாம்பன் பாலமும் பெருமளவு சேதமடைந்தது.

பாலத்தைச் சரிசெய்யும் பொறுப்பு ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினீயரிடம் வந்தது. கடலில் விழுந்த இரும்புத் தூலங்களைத் தேடி எடுத்தார்கள். 46 நாளில் பாலம் மீண்டும் நின்றது! பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டில்லி மெட்ரோவும் அமைத்த அதே ஸ்ரீதரன்தான் அவர்.

பாலம் எழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கொஞ்ச காலம் கப்பல் ஓடியது. 1980களில் இலங்கையில் போர் மூண்டது. அதுவும் நின்றது.

ரஜூலாவுக்குப் பிறகு ‘சிதம்பரம்’ என்ற கப்பல் சிங்கப்பூருக்கு ஓடியது. 1985ல் அதில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணமும் முடிந்தது.

தூண் போனது, தரை நின்றது

வழி அடைபட்டதும் வருமானம் நின்றது. வருமானம் நின்றதும் வீடு பாரமானது.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயமுத்தூரில், ஒருவர் வெளிநாட்டில். ஓடு மாற்ற வேண்டும். ஒழுக்கு அடைக்க வேண்டும். யார் செலவு செய்வது? கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் கதவு திறந்தது. மற்ற நாளில் பூட்டுத் தொங்கியது.

பல வீடுகள் இடிக்கப்பட்டன. தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து தொலைதூர ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் லாரி ஏறின. கப்பலில் வந்த தூண், வந்த வழியே திரும்பிப் போனது போல ஆயிற்று!

தூணைப் பெயர்க்கலாம். கதவைக் கழற்றலாம். தரைக்கல்லைப் பெயர்த்தால் உடைந்துவிடும். அதனால் தரை நின்றது. ஊரில் ஒரு தொழிலும் நின்றது. அதுதான் பூப்போட்ட சிமெண்டுக் கல் செய்யும் தொழில். ஆத்தங்குடிக் கல் என்றும், ஆத்தங்குடி டைல்ஸ் என்றும் உலகம் இன்று சொல்வது அதைத்தான்.

சூளை இல்லாத கல்

சிமெண்டில் பூப்போட்ட தரைக்கல் 19ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. அங்கே அதை அழுத்த இயந்திரம் வைத்தார்கள். ஆத்தங்குடியில் இயந்திரம் இல்லை. அதற்குப் பதில் ஒரு கண்ணாடித் தகடு!

கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துக் கீழே வைக்கிறார்கள். அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். சிவப்பு இங்கே, பச்சை அங்கே, மஞ்சள் நடுவில். ஊற்றும் கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும்.

பிறகு அச்சை மெல்லத் தூக்குகிறார்கள். வண்ணம் அப்படியே நிற்கிறது. அதன்மேல் ஈரமில்லாத சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள். அது குழம்பின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியில் சிமெண்டுக் கலவை போட்டுக் கரண்டியால் அழுத்தி மட்டம் செய்கிறார்கள். சட்டத்தை எடுத்தால் கல் தயார்.

தயாரா? இல்லை, பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். அது ஓர் இரவு காய வேண்டும். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். மறுபடி காய வேண்டும். அதன்பின் கண்ணாடி கல்லைவிட்டுத் தானாகப் பிரிந்து வரும். கண்ணாடி தொட்ட முகம் கண்ணாடி போலவே பளபளக்கும்.

இந்தக் கல்லுக்குச் சூளை வேண்டாம், நெருப்பு வேண்டாம். வீட்டில் பதித்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். நடக்க நடக்க மெருகு ஏறும்.

ஒன்றைக் கவனியுங்கள். சிமெண்ட் வெளியூர், வண்ணப்பொடி வெளியூர், கண்ணாடி வெளியூர். மணலும் மனிதர் கையும்தான் உள்ளூர். சாலை இல்லாவிட்டால் கல்லே பிறக்காது!

ஒரு வீட்டுக்கு மூன்றரை டன்

பிறந்த கல் போவதற்கும் சாலை வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆயிரம் சதுர அடி வீடு. 10 அங்குலச் சதுரக் கல் பதிக்க வேண்டும். 1,440 கல் தேவை. ஒரு கல் இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,600 கிலோ. மூன்றரை டன்னுக்கு மேல்!

இதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக முடியாது. பஸ் கூரையிலும் ஏற்ற முடியாது. லாரிதான் வேண்டும். லாரி குலுங்காமல் போகவும் வேண்டும். சிமெண்டுக் கல் கனமானது; ஆனால் இடி தாங்காது. மூலை பெயர்ந்தால் கல் வீண்.

பல கோலங்களில் நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ. ஒரு கல் உடைந்தால் பூவே ஊனம். வேறு கல் அனுப்பலாமே என்பீர்கள். வண்ணம் கையால் கலப்பது. அடுத்த முறை கலக்கும்போது ஒரு சாயல் ஏறலாம், இறங்கலாம். பழைய கல்லும் புதிய கல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண் கண்டுபிடித்துவிடும். ஆகவே சாலையில் உள்ள ஒரு பள்ளம், ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியை விழுங்கக்கூடும்.

எந்தச் சாலை யாருடையது?

சாலைகளில் பல வகை உண்டு. எல்லாம் ஒரே அரசு அலுவலகத்தின் பொறுப்பில் இல்லை.

நாட்டின் பெரு நகரங்களை இணைப்பது தேசிய நெடுஞ்சாலை. தமிழ்நாட்டில் மட்டும் 6,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதற்கு மத்திய அரசு பொறுப்பு. அடுத்து மாநில நெடுஞ்சாலை. அடுத்து மாவட்ட முக்கியச் சாலை. மாவட்ட இதரச் சாலை. இவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். கடைசியில் ஊராட்சிச் சாலை. அது ஊராட்சியின் பொறுப்பு.

செட்டிநாட்டைச் சுற்றி நல்ல நெடுஞ்சாலைகள் உண்டு. திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போவது 536 எண் சாலை. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சை, புதுக்கோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை வழியாக மானாமதுரை போவது 36 எண் சாலை. கொச்சியில் தொடங்கும் 85 எண் சாலை மதுரையைக் கடந்து தொண்டிக் கடற்கரையில் முடிகிறது.

ஆனால் கல் பிறப்பது நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல. கிராமத்துப் பட்டறையில். அங்கிருந்து நெடுஞ்சாலை வரை போகும் சின்னச் சாலைதான் உண்மையான சோதனை. பெரிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு. சின்னச் சாலைக்கு மழைக்குப் பின் ஒட்டுப் போடுவதே விழா. நரம்பு அறுந்தால் கைக்கு ரத்தம் வராது. ஊராட்சிச் சாலை அந்த நரம்பு.

மூன்று பெரிய வாசல்கள்

நெடுஞ்சாலை முடியும் இடம் துறைமுகம். தமிழ்நாட்டில் மத்திய அரசின் பெருந்துறைமுகங்கள் மூன்று.

மூத்தது சென்னை. இயற்கைத் துறைமுகம் அல்ல அது. ஒரு காலத்தில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆளையும் மூட்டையையும் மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். 1861ல் கடலுக்குள் நீளும் மேடை கட்டினார்கள். பிறகு கல் கொட்டி அலையைத் தடுத்தார்கள். 1881ல் புயல் வந்து அதையும் உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள்.

இரண்டாவது தூத்துக்குடி. வெள்ளையர் கப்பலுக்கு எதிராக 1906ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். அங்கே கட்டிய புதிய துறைமுகம் 1974ல் பெருந்துறைமுகம் ஆயிற்று. 2011ல் அதற்கு வ.உ.சி.யின் பெயரே சூட்டப்பட்டது.

மூன்றாவது எண்ணூர். 2001ல் இயங்கத் தொடங்கியது. 2014ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றது.

ஆத்தங்குடிக்கு இவற்றில் அருகில் இருப்பது தூத்துக்குடி. மதுரை வரை போய், அங்கிருந்து 38 எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கடற்கரை வந்துவிடும்.

இன்று கப்பலில் சரக்கு மூட்டையாக ஏறுவதில்லை. பெரும்பாலும் இரும்புப் பெட்டியில் ஏறுகிறது. அதைக் கன்டெய்னர் என்கிறார்கள். 1956ல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி இந்த முறையைப் பெரிய அளவில் தொடங்கினார். லாரிமேல் இருக்கும் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிடுவது! நடுவில் யாரும் பிரித்து அடுக்குவதில்லை. உடையும் பொருளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஒரு சங்கடம். 20 அடிப் பெட்டி ஒன்று 20 டன்னுக்கு மேல் தாங்கும். நாம் கணக்குப் போட்ட வீட்டின் கல் மூன்றரை டன்தான். ஐந்தாறு வீட்டின் கல் சேர்ந்தால்தான் பெட்டிக்குப் பாரம். பல பேர் சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் முறையும் இருக்கிறது. தனியாக அனுப்பினால் கூலி சுமை. சேர்ந்து அனுப்பினால் இலேசு.

இது ஆத்தங்குடிக்குப் புதிய பாடமா? இல்லை! ஒரே கூடத்தில் பல பெட்டி போட்டு உட்கார்ந்த கிட்டங்கியின் பாடம்தான் இது. அன்று பணப்பெட்டி, இன்று இரும்புப் பெட்டி. பட்டறைக்காரர்கள் கூடி லாரியையும் பெட்டியையும் பகிர்ந்துகொண்டால் சிறியவரும் கடல் கடக்கலாம்.

அதே சாலையில் போட்டி

நல்ல சாலை வந்தால் எல்லாம் நன்மையே என்று நினைத்துவிடக் கூடாது.

குஜராத்தில் மோர்பி என்று ஓர் ஊர் உண்டு. இயந்திரத்தில் செய்த ஓட்டுக் கல் அங்கே மலைமலையாகத் தயாராகிறது. சாலை வழியாகவும் கடல் வழியாகவும் தெற்கே வருகிறது. அது மெல்லியது, கனம் குறைவு. ஒரு கல் போலவே ஆயிரம் கல் இருக்கும். இன்று சொன்னால் நாளை வீட்டு வாசலில் இறங்கும். ஆத்தங்குடிக் கல்லுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லை ஏற்றிப் போகும் சாலைதான் இந்தக் கல்லையும் இறக்குகிறது. சாலைக்குக் கட்சி இல்லை. அது எல்லாருக்கும் முதுகு கொடுக்கும்.

ஆகவே சாலை மட்டும் ஊரைக் காப்பாற்றாது. அந்தச் சாலையில் அனுப்ப ஊரிடம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. மணலும் கண்ணாடியும் கைப்பழக்கமும் சேர்ந்த இந்தக் கல்லை மோர்பியின் இயந்திரம் செய்வதில்லை. அதைப் படம் பிடித்து அச்சடிக்கலாம்; நடக்க நடக்க மெருகு ஏற வைக்க முடியாது. ஊருக்கு இருக்கும் பலம் இதுதான்.

ஆனால் கை வேண்டும். குந்தி உட்கார்ந்து, வண்ணத்தில் கை நனைத்து, நாளெல்லாம் ஊற்றுகிற வேலை இது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினால், அச்சைத் தூக்க ஆள் இருக்காது. ஊருக்கு வரும் சாலை கல்லை ஏற்றிச் செல்லலாம். கல் செய்யும் ஆளையும் ஏற்றிச் சென்றுவிடலாம். எது ஏறும் என்பதைக் கூலியும் மரியாதையும்தான் தீர்மானிக்கும்.

துருவோடு ஒரு போர்

வழியை அமைப்பது ஒரு வேலை. அதைக் காப்பது அதைவிடப் பெரிய வேலை.

கடற்கரையில் இரும்புக்குப் பெரிய பகை துரு. உப்புக்காற்று பாலத்தைத் தின்னும், கப்பலைத் தின்னும், கன்டெய்னரையும் தின்னும். அந்தத் துருவை ஆராயும் கூடம் எங்கே இருக்கிறது தெரியுமா? காரைக்குடியிலேயே!

கோட்டையூரில் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். கடல் கடந்த வியாபாரத்திலும் ஆலைகளிலும் பொருள் சேர்த்தார். விமானக் கம்பெனியும் நடத்தினார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே நடக்கும் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. பாம்பனுக்கு எதிரே மண்டபத்திலும் அதற்குச் சோதனை நிலையம் உண்டு. கப்பலில் வந்த செல்வம், கப்பலைக் காக்கும் அறிவாக மாறியது.

நூறாண்டு தாண்டி உழைத்த பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. பக்கத்திலேயே புதிய பாலம் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 6ம் தேதி அது திறக்கப்பட்டது. பழைய பாலம் இரண்டு கையாகப் பிரிந்து தூக்கியது. புதிய பாலத்தில் 72 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே எழும். கப்பல் போனதும் கீழே இறங்கும். அதன்மேல் மீண்டும் போட் மெயில் ராமேசுவரம் போகிறது.

கடலிலும் ஒரு வழி திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பல் மறுபடி தொடங்கியது. அந்தக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ‘சிவகங்கை’! ஆத்தங்குடி இருக்கும் மாவட்டத்தின் பெயரே, முன்னோர் கப்பல் ஏறிய அதே நாகையில் மிதந்தது.

கொண்டுவிக்கும் ஊர்

அன்று ஆத்தங்குடி ஒரு பாதையின் முடிவு. ரங்கூனிலும் கொழும்பிலும் ஈட்டியது வந்து இறங்கும் இடம். வந்த வழி அடைபட்டதும் ஊர் வாடியது. வரவை மட்டும் நம்பிய ஊருக்கு வழி அடைபட்டால் மாற்று இல்லை.

இன்று அதே ஆத்தங்குடி ஒரு பாதையின் தொடக்கம். பட்டறை வாசலில் கல் அடுக்கப்படுகிறது. முகத்தில் கீறல் விழாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் வைக்கிறார்கள். ஓட்டுநர் மெதுவாக வண்டியை எடுக்கிறார். ஊராட்சிச் சாலையில் பள்ளம் பார்த்து ஓட்டுகிறார். நெடுஞ்சாலை வந்ததும் சற்று மூச்சு விடுகிறார்.

செட்டியார்கள் ‘கொண்டுவிக்கப் போகிறோம்’ என்றார்கள். ஆனால் ஊரில் செய்த பொருள் எதுவும் அவர்கள் கையில் இல்லை. பணத்தைத்தான் கொண்டு போனார்கள். இன்று உண்மையாகவே ஊர்ப் பொருளைக் கொண்டுபோய் விற்கிறது ஆத்தங்குடி. போகிறவர் செட்டியார் அல்லர். மணலில் உட்கார்ந்து வண்ணம் ஊற்றும் தொழிலாளியின் கைவேலை.

அந்தக் கைக்கு நியாயமான கூலியும், அந்தக் கல்லுக்குக் குலுங்காத சாலையும் கிடைக்கட்டும். மாளிகைகளுக்குத் தரை போட்ட ஊர், தன் காலிலேயே நிற்கும்!